மழலையர் பள்ளியில் ஸ்டூடண்ட் டீன்: வாசலில் தொடங்கும் வேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டீன் என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்தான் நினைவுக்கு வரும். பத்து வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷத்துலேருந்து கே.ஜி. செக்‌ஷனுக்கு நீங்கதான் மிஸ் ஸ்டூடண்ட் டீன்" என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எதற்கு டீன்? வீட்டில் சொன்னேன். மாமியார், "ஊசியெல்லாம் போடுவியா?" என்று கேட்டார்.

லத்தீனில் பத்துப் பேருக்குத் தலைவர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது இந்த டீன். மடங்களில் பத்துத் துறவிகளைக் கவனித்தவருக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகுதான் பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி என்று பெரிய நாற்காலிகளில் போய் உட்கார்ந்துகொண்டது. மழலையர் பள்ளிக்குப் பொருந்துவது பழைய பொருள்தான்: பத்துப் பேரையும் பேர் சொல்லி அறிந்தவர். கல்லூரி மாணவன் தன் குறையை மனுவாக எழுதித் தருவான். எல்.கே.ஜி. பிள்ளை டவுசரை நனைக்கும், பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும், வாயில் வைத்த சோற்றை அப்படியே வைத்திருக்கும். அதுதான் மனு. வகுப்பு மிஸ்ஸுக்கு இருபது பிள்ளைகளுக்கு நடுவில் அதைப் படிக்க நேரம் இருக்காது. ஹெச்.எம்.முக்கு இன்ஸ்பெக்‌ஷன், கணக்கு, கட்டடம். அந்த இடைவெளியில் நிற்பவருக்குத்தான் இந்தப் பதவி. சில பள்ளிகளில் கோஆர்டினேட்டர் என்பார்கள், சில இடங்களில் மூத்த மிஸ் என்றே சொல்வார்கள். பேர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

இந்த வேலை புதிதாக உங்கள் கைக்கு வந்திருந்தால், ஒரு கல்வியாண்டு போகிற வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

படி 1: ஏற்கும் முன் எழுதி வாங்குங்கள்

எது உங்கள் வேலை, எது இல்லை என்று ஒரு தாளிலாவது எழுதி, கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகளின் வரவும் போக்கும், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றிய குறிப்பு, பெற்றோருடன் பேச்சு, மிஸ்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் கைகொடுப்பது. இவை நான்கும் உங்களுடையவை.

ஃபீஸ் பாக்கி கேட்கும் வேலையை மட்டும் ஒருநாளும் ஏற்காதீர்கள். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக்கு வந்தபிறகுதான் எங்கள் பக்கத்துப் பெற்றோர் பலர் ஃபீஸ் கட்டுவார்கள். அதுவரை பாக்கி கேட்கிற ஆளைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டு போவார்கள். அந்த ஆள் நீங்களாக இருந்தால், பிள்ளைக்கு ராத்திரி வலிப்பு வந்த செய்தியும் உங்களிடம் வராது. முதல் வருடம் நான் அந்தத் தவறைச் செய்தேன். பாதிப் பெற்றோர் என்னிடம் பேச்சையே குறைத்துக்கொண்டார்கள்.

தண்டனை கொடுப்பதும் உங்கள் வேலை இல்லை. "டீன் மிஸ்கிட்ட அனுப்பிடுவேன்" என்று வகுப்பில் மிரட்ட உங்கள் பேரைப் பயன்படுத்தினால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் ஆறு வயதிலிருந்துதானே பேசுகிறது, எல்.கே.ஜி.க்கு எப்படிப் பொருந்தும் என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் பொருந்தும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவைக் காட்டினேன். ஆறு வயதுப் பிள்ளையை அடிக்கக் கூடாது, மூன்று வயதுப் பிள்ளையை அடிக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றுவதே எனக்கு இன்னும் புரியவில்லை.

படி 2: பிள்ளைக்கு ஒரு பக்கம்

மே மாதத்திலேயே ஒரு நீள நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். அட்மிஷன் பாரத்தில் பிறந்த தேதியும் ஆதார் எண்ணும் இருக்கும். நமக்கு வேண்டியது அதில் இருக்காது. பெற்றோரையோ அப்பாயியையோ உட்காரவைத்து நிதானமாகக் கேளுங்கள்:

- வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? பாரத்தில் பெரிய பேராக இருக்கும். வீட்டில் குட்டிம்மா, பாப்பு, தம்பி. முதல் வாரம் பாரத்துப் பேரைச் சொன்னால் பிள்ளை திரும்பியே பார்க்காது.
- ஒண்ணுக்கு வந்தால் எப்படிச் சொல்லும்? இதைக் கேட்கச் சிலருக்குக் கூச்சம். கேளுங்கள். உச்சா, சூசூ, பாத்ரூம் என்று வீட்டுக்கு ஒரு சொல். சொல் தெரியாத மிஸ்ஸிடம் பிள்ளை மூன்று முறை சொல்லிவிட்டு நனைத்துவிடும்.
- யார் ஊட்டுகிறார்கள், தானாகச் சாப்பிடுமா, பகலில் எத்தனை மணிக்குத் தூங்கும்?
- வலிப்பு, வீசிங், ஒவ்வாமை, ஏதாவது மாத்திரை உண்டா?
- எதற்குப் பயம்? நாய், மிக்ஸி சத்தம், மீசை வைத்த ஆள்.
- அப்பா எங்கே இருக்கிறார்? மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் இந்தக் கேள்வி முக்கியம். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். அவர் ஊருக்கு வருகிற மாதமும் திரும்பிப் போகிற மாதமும் பிள்ளையின் நடவடிக்கையில் தெரியும்.
- யார் யார் வந்து அழைத்துப்போகலாம்? போட்டோவோடு.

கடைசிக் கேள்விக்கு மட்டும் கையெழுத்து வாங்குங்கள். மற்றதெல்லாம் பேச்சுவாக்கில் வந்தால் போதும்.

எத்தனை பிள்ளைக்கு ஒரு மிஸ் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 2013-ஆம் ஆண்டு தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்றிலிருந்து ஆறு வயது வரை இருபது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மூன்றுக்குக் கீழே என்றால் பத்துக்கு ஒருவர் என்று சொல்கிறது. ஒரு வகுப்பில் நாற்பது பேரை அடைத்துவிட்டு டீன் போட்டுப் பயனில்லை. கரஸ்பாண்டென்ட்டிடம் இதைச் சொல்ல மே மாதம்தான் நல்ல நேரம். ஜூனில் சொன்னால் காதில் விழாது.

படி 3: மூன்றடி உயரத்தில் பள்ளியைச் சுற்றி வாருங்கள்

நின்றபடி பார்க்காதீர்கள், முட்டி போட்டுப் பாருங்கள். நம் இடுப்புக்குக் கீழே இருக்கும் ஸ்விட்ச் பாக்ஸ் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கும். சம்ப்பு மூடி, கழிவறையின் உள்தாழ்ப்பாள், மாடிப்படிக் கம்பிகளின் இடைவெளி, கதவிடுக்கு, கேட்டுக்கு வெளியே ஓடும் வாய்க்கால் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிவறைக்கு உள்தாழ்ப்பாளே வேண்டாம் என்பது என் கட்சி.

காவிரி டெல்டாவில் இந்தச் சுற்றை யாரும் சடங்காகச் செய்ய முடியாது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். கீற்றுக்கூரை, குறுகலான படிக்கட்டு, ஒரே கட்டடத்தில் அளவுக்கு மீறிய கூட்டம். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரை போயிற்று. கீற்று மட்டும் போனால் போதாது. உங்கள் கே.ஜி. வகுப்பு தரைத்தளத்தில் இருக்கிறதா? இரண்டு வழி இருக்கிறதா? இரண்டாவது வழியில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா? கேஸ் சிலிண்டர் எங்கே இருக்கிறது? மாதம் ஒரு முறை "ரயில் வண்டி" விளையாட்டு என்று சொல்லி, முன்னால் போகும் பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மைதானம் வரை போக வையுங்கள். தீ என்ற சொல்லே வேண்டாம். கால் பழகிவிட்டால் போதும்.

மழைக்காலத்தில் பாம்பு வரும். செருப்பு அலமாரியையும் விளையாட்டுச் சாமான் கூடையையும் காலையில் ஆயாம்மா கம்பால் தட்டிப் பார்த்தபிறகுதான் பிள்ளைகள் தொட வேண்டும். ஆம்புலன்ஸுக்கான 108 எண்ணை எல்லா வகுப்பிலும் எழுதி ஒட்டுங்கள்.

படி 4: ஜூன் மாத அழுகை

இதில்தான் ஒரு டீன் தேறுவதும் தோற்பதும்.

பள்ளி திறந்த முதல் நாள் எங்கள் வாசலில் கேட்கும் சத்தம் கடைத்தெரு வரை போகும். அம்மாக்களும் அழுவார்கள். நான் முதல் வருடம் செய்தது, பழைய மிஸ்கள் சொல்லிக்கொடுத்ததுதான்: பிள்ளையின் கவனத்தைத் திருப்பு, அந்த நேரத்தில் அம்மாவை நைசாக வெளியே அனுப்பு. அன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் திரும்பிப் பார்த்தபோது அம்மா இல்லாமல் போனதை அந்தப் பிள்ளை மறக்காது. மறுநாள் கேட்டுக்கு வருவதற்கு முன்பே, சைக்கிளிலிருந்தோ ஸ்கூட்டியிலிருந்தோ இறங்க மறுக்கும். வீட்டிலும் அம்மா கொல்லைப்பக்கம் போனால்கூடப் பின்னாலேயே ஓடும். ஏமாற்றி அனுப்பக் கூடாது என்பதை நான் கற்றுக்கொள்ள ஒரு முழு ஜூன் ஆனது.

இப்போது செய்வது இதுதான். முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டரை மணி நேரம், மூன்றாவது வாரத்தில் முழு நேரம். முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாயியோ வகுப்புக்குள்ளேயே ஒரு மூலையில் உட்காரலாம். பிள்ளையுடன் விளையாடக் கூடாது, பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காம் நாள் வராந்தா. அப்புறம் புங்கமரத்தடி. புறப்படும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டே போக வேண்டும். எப்போது திரும்பி வருவோம் என்பதைப் பிள்ளையின் கடிகாரத்தில் சொல்லச் சொல்லுங்கள். "பன்னெண்டு மணிக்கு" என்றால் அதற்குத் தெரியாது. "சாப்பாட்டு மணி அடிச்சு, கை கழுவினதும் வந்துடுவேன்டா கண்ணு" என்றால் தெரியும். சொன்னால் வந்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வீட்டு வாசனை உள்ள ஏதாவது ஒன்றைப் பையில் போட்டு அனுப்பச் சொல்வேன். அம்மாவின் பழைய கைக்குட்டை, பாட்டியின் சேலைத் துண்டு. ஒரு பையன் அப்பாவின் சிங்கப்பூர் கம்பெனி தொப்பியோடு ஒரு மாதம் உட்கார்ந்திருந்தான். யூனிபார்ம் ஒழுங்கு என்று ஒரு மிஸ் அதைக் கழற்றப் போனார், நான்தான் தடுத்தேன். ஆகஸ்டில் அவனே அதைப் பையில் போட்டுவிட்டு மறந்துபோனான்.

சாக்லேட் கொடுத்து அழுகையை நிறுத்தாதீர்கள். "அழுதா போலீஸ் வரும்", "அம்மா வரமாட்டா" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயாம்மா வாயிலும் வேன் டிரைவர் வாயிலும் இது தன்னாலே வந்துவிடும். திட்ட வேண்டாம். மாற்றுச் சொல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்: "அம்மா ஞாபகம் வந்துடுச்சா? வா, இங்க உக்காருவோம்."

பெரும்பாலான பிள்ளைகள் மூன்று, நான்கு வாரத்தில் தேறிவிடும். சனி, ஞாயிறு முடிந்த திங்கள், காலாண்டு விடுமுறைக்குப் பிறகு, பொங்கலுக்குப் பிறகு மறுபடி ஓரிரு நாள் அழும். அது சகஜம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டு மாதம் ஆகியும் சோறு இறங்காமல், தூக்கத்தில் அலறி, பள்ளிப் பக்கம் வந்தாலே வாந்தி எடுத்தால் கதை வேறு. இந்த வருடம் நிறுத்திவைத்து மறு வருடம் சேர்க்கச் சொல்ல உங்களுக்குத் துணிவு வேண்டும். அட்மிஷன் போய்விடுமே என்று மேலே முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

படி 5: காலை வாசல்

உங்கள் நாற்காலியை ஆபீஸ் ரூமில் போடாதீர்கள். காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை உங்கள் இடம் கேட்டுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கைந்து விநாடி கிடைக்கும், அது போதும். முகம், கண், நடை. நெற்றியைத் தொட்டால் சூடு தெரியும். கன்னத்தில் வீக்கமா, கையில் கொப்புளமா, தொடையில் தழும்பா? பேர் சொல்லி வணக்கம் வைத்தால் திரும்பிச் சொல்கிறதா, தலையைக் குனிகிறதா?

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளையின் நாளை நடத்துவது பள்ளி மணி இல்லை, ஆற்றுத் தண்ணீர். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள். குறுவை நடவும் எல்.கே.ஜி. அழுகையும் ஒரே மாதத்தில் வருவது எங்கள் தலையெழுத்து. நடவுக்குப் போகிற அம்மா விடிவதற்கு முன் புறப்பட்டுவிடுவாள். பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி அனுப்புவது தாத்தாவோ, எட்டாவது படிக்கும் அக்காவோ. தலை சீவாமல், ஒரு வாய் டீயோடு பிள்ளை வந்து நிற்கும். மறுபடி சம்பா நடவு, அப்புறம் தையில் அறுப்பு. இந்த மாதங்களில் "ஏன் லேட்?" என்று கேட்டில் அதட்டுகிற பள்ளிக்குப் பிள்ளை மறுநாள் வராது. உங்கள் நோட்டில் யார் வீடு நடவு வீடு என்று குறித்து வைத்திருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு முதல் பீரியடில் எழுத்து வேண்டாம், சாப்பாடு வேண்டும் என்பது தெரியும்.

2023 ஆகஸ்ட் 25-ல் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அது ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை. அங்கன்வாடிப் பிள்ளைக்கு அங்கே சத்துமாவும் மதியச் சோறும் கிடைத்துவிடும். தனியார் நர்சரியில் இருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. அதனால் என் அலமாரியில் எப்போதும் ஒரு டப்பா பொட்டுக்கடலையும், ஒரு தார் வாழைப்பழமும் இருக்கும். யாருக்குக் கொடுக்கிறோம் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும். பிள்ளைகளும் மானஸ்தர்கள்தான்.

பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்றால் வகுப்பு மிஸ் குறித்துக்கொள்ளட்டும். இரண்டாம் நாள் நீங்கள் போன் செய்யுங்கள். மூன்றாம் நாளும் தகவல் இல்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரு முறை அப்படிப் போனபோது அம்மை போட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த வகுப்பில் வேறு யாருக்கும் உடம்பு சுடுகிறதா என்று அன்று மாலையே பார்க்க முடிந்தது.

படி 6: மாலை வாசல்

காலையைவிட மாலையில்தான் ஆபத்து அதிகம். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம்.

போட்டோப் பட்டியலில் இல்லாதவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஒரு நாள் ஒருவர் வந்து சித்தப்பா என்றார். பிள்ளையும் "சித்தப்பா!" என்று ஓடியது. பட்டியலில் இல்லை. அம்மாவுக்குப் போன் போகவில்லை, வயலில் இருந்தார். இருபது நிமிடம் நிறுத்தி வைத்தேன். அவர் சத்தம் போட்டார், "நான் என்ன புள்ளை புடிக்கிறவனா?" என்றார். சொந்தச் சித்தப்பாதான். மறுநாள் அம்மா வந்து பட்டியலில் அவர் போட்டோவையும் சேர்த்துவிட்டுப் போனார். அவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை.

வேனுக்கு என்று தனியாக ஒரு பட்டியல் வேண்டும். ஏறும்போது ஒரு எண்ணிக்கை, இறங்கும்போது ஒரு எண்ணிக்கை. கடைசிப் பிள்ளை இறங்கியபிறகு உதவியாளர் கடைசி சீட்டு வரை நடந்து, சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும், யாராவது தூங்கிக்கொண்டிருக்கலாம். பள்ளி வாகனங்களுக்கென்றே தமிழ்நாட்டில் 2012-ல் தனி விதிகள் வந்துவிட்டன, உதவியாளர் கட்டாயம். எங்கள் பக்கத்துச் சாலைகள் பாதி ஆற்றுக்கரையிலும் குளக்கரையிலும் போகிறவை. 2009 டிசம்பரில் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு பள்ளி வேன் குளத்தில் கவிழ்ந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டே இருந்த இளம் ஆசிரியை பிள்ளைகளோடு தானும் இறந்துபோனார். டிரைவர் போனில் பேசுகிறாரா, அளவுக்கு மேல் ஏற்றுகிறாரா என்று கேட்க உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று யோசிக்காதீர்கள், கேளுங்கள். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பெரியவர் கையில் ஒப்படைத்தபிறகே வண்டி நகர வேண்டும். எதிர்ச்சாரியில் வாய்க்கால் இருக்கும் வீடுகளை நோட்டில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

படி 7: கடி, அடி, பிடுங்கல்

வகுப்பில் கடிக்கிற பிள்ளை என்று ஒன்று வருடத்துக்கு ஒரு முறையாவது வரும். "கெட்ட பையன்" என்ற சொல் எந்த மிஸ் வாயிலும் வரக் கூடாது. ஒரு வாரம் மூன்று விஷயங்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்குப் பின்னால் என்ன கிடைத்தது.

நான் எழுதிப் பார்த்த ஒரு பையன் தினமும் பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் கடித்தான். அந்த நேரத்தில் வெயில் நேராக அவன் உட்காரும் ஜன்னலில் விழும். காலையில் ஆறரைக்குக் கஞ்சி குடித்தவன், பசி வேறு. கடித்தால் மிஸ் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஃபேனுக்கு அடியில் உட்காரவைப்பார். அவனுக்கு அது பரிசு. இடத்தை மாற்றினோம், பத்தரைக்கு ஒரு பழம் கொடுத்தோம், பேச்சு வராதவனுக்கு "குடு" என்று கை நீட்டப் பழக்கினோம். இரண்டு வாரத்தில் கடி நின்றது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஜன்னல் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன்.

கடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு மாலைக்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். குளிப்பாட்டும்போது அவர்களாகக் கண்டுபிடித்தால் நம்பிக்கை போய்விடும். கடித்தது யார் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊர் சின்னது. சாயங்காலத்துக்குள் தெருச்சண்டை ஆகிவிடும்.

படி 8: பேச்சு வரவில்லை, கண் பார்க்கவில்லை

நீங்கள் டாக்டர் இல்லை. நோய்க்குப் பேர் வைப்பது உங்கள் வேலையும் இல்லை. ஆனால் இருபது பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பவர் நீங்கள், வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் பார்க்கிறார்கள். மூன்று வயதில் இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பேர் சொன்னால் திரும்பவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, கதைப் படத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோகிறது, அடிக்கடி விழுகிறது, இருந்த பேச்சும் குறைகிறது. இவற்றில் எதைப் பார்த்தாலும் ஒரு மாதம் தேதி போட்டுக் குறியுங்கள்.

அப்புறம் பெற்றோரைக் கூப்பிடுங்கள். வாசலில் நின்றபடி சொல்லக் கூடாது. உட்காரவைத்து, முதலில் பிள்ளைக்கு என்ன நன்றாக வருகிறது என்று சொல்லுங்கள். பிறகு பார்த்ததைப் பார்த்தபடி மட்டும்: "இந்த மாசம் பன்னெண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தோம்மா, ரெண்டு தடவைதான் திரும்பினான். காதை ஒருதரம் பார்த்துடலாமா?" பதில் என்ன வரும் என்று எனக்கு இப்போதே தெரியும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் மிஸ் பேசினாரு." மறுக்காதீர்கள். "சரிம்மா, அப்படியும் இருக்கலாம். பார்த்துட்டா நமக்கு நிம்மதிதானே" என்று மட்டும் சொல்லுங்கள். காது பிரச்சினை என்று தொடங்கினால் பெற்றோர் வருவார்கள். பெரிய பெரிய பேர்களைச் சொன்னால் அடுத்த நாள் பள்ளியையே மாற்றிவிடுவார்கள்.

எங்கே அனுப்புவது? 2013-லிருந்து நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் மருத்துவப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும். தனியார் பள்ளிப் பிள்ளை காத்திருக்காமல் நேராக மாவட்டத்தின் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்கலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதல் தடவை முடிந்தால் கூடவே போங்கள். ஓ.பி. சீட்டு வரிசையிலேயே பாதிப் பேர் மனம் மாறித் திரும்பிவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் குறிப்பு: இடது கையால் எழுதுவது நோய் இல்லை. மாற்றாதீர்கள்.

படி 9: மூடி மறைக்கவே கூடாத ஒன்று

பிள்ளையிடம் யாரோ தவறாக நடந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், விசாரணை செய்யாதீர்கள். பிள்ளை சொன்னதை அதன் சொல்லிலேயே எழுதிவையுங்கள், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். சந்தேகத்துக்குரியவரிடம் நீங்களாகப் போய்க் கேட்கவும் வேண்டாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம். பள்ளிப் பேர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

படி 10: ஆயாம்மா, மிஸ், கையெழுத்துப் பைத்தியம்

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போனபிறகு இருபது நிமிடம் எல்லோரும் உட்காருங்கள். டீ வாங்கி வைத்துவிட்டு, முதலில் ஆயாம்மாவைப் பேசச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளைக்கு வயிறு சரியில்லை, எது தனியாக உட்காருகிறது, யார் முதுகில் புதிதாகத் தழும்பு என்பதெல்லாம் கழிவறைக்குக் கூட்டிப்போகிறவருக்குத்தான் முதலில் தெரியும். பல பள்ளிகளில் அவரை அந்த அறைக்குள்ளேயே கூப்பிடுவதில்லை.

அப்புறம் பெற்றோர் வருவார்கள். "எதிர்வீட்டுப் புள்ள கர்சிவ் எழுதுது மிஸ், எங்க பொண்ணு இன்னும் கோடுதான் போடுது." விஜயதசமியன்று கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் நெல்லில் விரலைப் பிடித்து அ எழுதவைத்து அழைத்து வந்த வீடு அது. அவர்கள் ஆசையைக் கேலி செய்யக் கூடாது. நெல்லையே எடுத்துக்கொண்டேன் நான். ஒரு தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, விரலால் வட்டம், கோடு, சுழி போடவைப்பேன். விரலுக்கு வலு வரும். களிமண் பிசையட்டும், நூலில் மணி கோர்க்கட்டும், பென்சில் தானாக வரும். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியும் விரலைத்தான் முதலில் பழக்கினார், சொரசொரப்பான எழுத்தைத் தடவவைத்து. 2022-ல் வந்த அடிப்படைநிலைப் பாடத்திட்டச் சட்டகமும் மூன்றிலிருந்து எட்டு வயது வரை விளையாட்டு வழியைத்தான் சொல்கிறது. இந்த ஆவணங்களைச் சுற்றியுள்ள அரசியல் எப்படியோ போகட்டும், மூன்று வயதில் வீட்டுப்பாடம் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தாளாளருக்கு உண்டு. வருடா வருடம் இதில் பாதிச் சண்டை ஜெயிக்கிறேன்.

படி 11: ஐப்பசி, கார்த்திகை

லீவு உண்டா இல்லையா என்று கலெக்டர் அறிவிப்பு காலையில்தான் வரும். வேன் பாதி தூரம் வந்தபிறகு வந்தால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்துவையுங்கள். திருப்பி அனுப்பாதீர்கள், வீட்டில் ஆள் இல்லாமல் இருக்கலாம். ஏறிய பிள்ளை பள்ளிக்கு வந்து, பெரியவர் வந்து அழைத்துப்போகும்வரை உங்களோடு இருக்கட்டும். மாற்று உடுப்பு எல்லோருக்கும் ஒரு ஜோடி பள்ளியிலேயே இருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பள்ளி திறந்தபிறகு சில பிள்ளைகள் ஃபேன் வேகமாகச் சுற்றினாலே காதைப் பொத்திக்கொண்டன. ஒரு பெண் தினமும் தென்னை மரம் சாய்வதையே வரைந்தாள். அம்மா வந்து வேறு படம் வரையச் சொல்லுங்கள் என்றார். நான் தாள் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஜனவரியில் சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கன்று வந்தது. அந்த மாதங்களில் டீனுக்குச் செய்ய வேறொன்றும் இல்லை. பழைய நேரத்துக்கு மணி அடிக்க வேண்டும், பழைய பாட்டைப் பாட வேண்டும், பழைய இடத்தில் நிற்க வேண்டும்.

படி 12: ஒன்றாம் வகுப்புக்கு ஒப்படைப்பது

மார்ச் மாதம் யு.கே.ஜி. பிள்ளைகளை வாரம் ஒரு முறை ஒன்றாம் வகுப்பு அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவையுங்கள். பெஞ்சு உயரம், புது மிஸ்ஸின் குரல், வேறு கழிவறை எல்லாம் பழகட்டும்.

நோட்டிலிருந்து பிள்ளைக்கு அரைப் பக்கமாகச் சுருக்கி எழுதுங்கள். வீட்டுப் பேர், உடம்பு விஷயம், எது பயம், எதற்குச் சிரிக்கும், யார் அழைக்க வருவார், எதில் உதவி வேண்டும். எல்.கே.ஜி.யில் கடித்தது, அடித்தது, டவுசரை நனைத்தது எதையும் அதில் எழுதாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பழைய வழக்கு எதற்கு? இதையெல்லாம் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் நேரில் உட்கார்ந்து கொடுத்துவிடுங்கள். மே மாதம் மிஸ்கள் வேறு பள்ளிக்கு மாறிவிடுவார்கள், தாளைப் பீரோவில் வைத்துவிட்டுப் போனால் ஜூனில் யாரும் திறக்கமாட்டார்கள். அதற்குள் உங்களுக்கு அடுத்த நீள நோட்டு வாங்கும் வேலை வந்திருக்கும்.